நாலுமூலை அக்கா ஓடிப்போகவில்லை

“இதுக்கு என்ன பாப்பா அர்த்தம்?”

வாசல் கேட்டில் ஒட்டியிருந்த தாளின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு அந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். விரலுக்குக் கீழே ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. அதற்கு மேலே அவருடைய போட்டோ. அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதுகூடத் தெரியும். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தையை அவர் பெயருக்கு நேராகப் போட்டவள் நான்தான்.

இதை அந்த அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூடப் பாதிதான் சொன்னேன். இப்போது முழுதாக எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, எழுதிப் பழக்கம் இல்லை. படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதும்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையம். மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். அது மறுபக்கம் காய்ந்து, அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். அந்த மெஷினை எல்லோரும் ரோலர் என்றுதான் சொல்வார்கள். ரோலரின் முன்னால் பதினொரு வருடமாக நின்றவர் இந்த அக்கா.

ஒரு மூலை மடங்கிப் போனாலும் விரிப்பு முழுக்கச் சுருங்கிவிடும், திரும்பவும் நனைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு விரிப்பையும் உதறும்போது “நாலு மூலை!” என்று அக்கா ஒரு குரல் கொடுப்பார். மெஷின் இரைச்சலையும் மீறி என் அலுவலக அறைவரை கேட்கும். பெயரே அப்படி ஆகிவிட்டது. நாலுமூலை அக்கா.

எதிரில் நின்று பிடிக்கும் பெண் அவரைச் சீண்டுவாள். “மூணுதாங்க்கா இருக்கு. ஒரு மூலை ஆஸ்பத்திரியிலயே அட்மிட் ஆயிடுச்சு.”

“அப்ப நீயும் போய் பக்கத்து பெட்டுல படு. அதையாவது ஒழுங்கா பிடிச்சுக்க.”

விரிப்புகளில் சுருண்டு என்னென்னவோ வரும். பேனா, தெர்மாமீட்டர், ஒற்றைக் கொலுசு. ஒரு தடவை ஒரு பல்செட் வந்தது. மற்றவர்கள் அதை ஒரு குச்சியில் மாட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா அதைப் பிடுங்கிக் கழுவி, ஒரு தலையணை உறையில் சுற்றி, விரிப்பின் ஓரத்தில் இருந்த குறியைப் பார்த்து அது எந்த வார்டு என்று கண்டுபிடித்தார். பிறகு என் அறைக்கு வந்து ஃபோன் கேட்டார். “யாரோ ஒரு பெரியவர் அங்க வாயைத் திறக்க வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு பாப்பா. சிரிக்கிற விஷயமா இது?” என்றார். ஃபோனை வைத்த பிறகு அவரும்தான் சிரித்தார்.

இங்கே வருவதற்கு முன் அக்கா ஒரு துணிக் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டும் வேலை பார்த்தார். அந்த முதலாளி ஒரு காலையில் கதவைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார். அறுபது பேர் வாசலில் நின்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். “அந்தப் பூட்டு புதுசு பாப்பா. பளபளன்னு இருந்துச்சு. ஓடிப்போற மனுஷன் நல்ல பூட்டா பார்த்து வாங்கியிருக்கான் பாரு” என்று சொல்லியிருக்கிறார். அவர் கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். அக்காவின் இடது கன்னத்தில் காதோரமாக ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. ரோலர் கொடுத்த முத்தம் என்பார்.

நான் அங்கே சேர்ந்தது ஆட்களின் வருகையைக் கணினியில் பார்ப்பதற்கு. ஆறு மாதம் சோதனைக் காலம். எனக்கு ஓரிடத்தில் உட்காரவே பிடிக்காது. காலாட்டிக்கொண்டே இருப்பேன், மேசைக்கு அடியில் ஃபோன் வைத்துப் பார்ப்பேன். ஏற்கெனவே இரண்டு தப்பு செய்து திட்டு வாங்கியிருந்தேன். வீட்டில் அம்மா எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் “என் பொண்ணு ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அக்கா என் ஜன்னலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, நாளையிலேருந்து பத்து நாள் வர மாட்டேன். ஒரு ஆபரேஷன். நீயே லீவு போட்டுடு. சார்கிட்ட உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லு, அதுக்கு மேல வேணாம். வேற யாருக்கும் தெரியாது. பொம்பளப் புள்ளைன்னுதான் உன்கிட்ட சொல்றேன்.”

நான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், “சரிக்கா, போட்டுடறேன்” என்றேன்.

“மறந்துடாத, கண்ணு.”

“சரிக்கா, சரிக்கா.”

மறந்துவிட்டேன்.

எங்கள் கணினியில் ஒரு ஏற்பாடு இருந்தது. லீவு பதியாத ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் விரல் ரேகை வைக்காவிட்டால், அவர் பெயர் இருக்கும் வரி சிவப்பாகிவிடும். ஏன் வரவில்லை என்று காரணம் கொடுக்காமல் அன்றைய ஷிஃப்ட் கணக்கைக் கணினியில் மூட முடியாது. காரணத்தை நாமாக எழுதவும் முடியாது. ஒரு பட்டியல் விழும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லீவு என்று கொடுத்தால் லீவு எண் கேட்கும். மற்றவை எல்லாம் வேலையை விட்டார், நீக்கப்பட்டார், இறந்துவிட்டார் என்ற மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் ‘அப்ஸ்காண்ட்’ என்ற வினைச்சொல்.

அந்தச் சிவப்பு வரியைப் பார்த்ததுமே, அக்கா ஏதோ சொன்னாரே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் லீவு எண் வாங்க வேண்டுமென்றால் மேலதிகாரியிடம் போய், மூன்று நாளாகப் போட மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றச் சொற்களின் அர்த்தம் எனக்குத் தெரியும். அக்கா விலகவில்லை, நீக்கப்படவில்லை, சாகவில்லை. மிச்சமிருந்தது அந்தக் கடைசிச் சொல். கொஞ்சம் கௌரவமான சொல்லாகத் தெரிந்தது. ‘வரவில்லை’ என்பதைத்தான் அலுவலக பாஷையில் அப்படிச் சொல்கிறார்கள் போல என்று நினைத்து அதை அழுத்தினேன். அக்கா வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் பிரிண்டரிலிருந்து தானாக ஒரு தாள் வந்தது. அக்காவின் போட்டோ, நீல ஏப்ரனோடு. கீழே பெரிய எழுத்தில் அந்தச் சொல். இவருக்கும் நிறுவனத்துக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு வரி. எங்கள் மேலதிகாரிக்கு ‘சீல் சார்’ என்று பெயர். எந்தத் தாள் முன்னால் வந்தாலும் படிப்பதற்கு முன்பே சீல் விழும். இதற்கும் விழுந்தது. காவலாளி ஒரு நகலைக் கேட்டில் ஒட்டினார். சீல் சார் அதை ஃபோனில் படம் பிடித்து, ஊரிலுள்ள சலவை நிலையக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது வழக்கமாகச் செய்வதுதான்.

அப்போதுதான் நான் அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். போட்ட பிறகு தேடினேன்.

சட்டத்துக்கோ, தண்டனைக்கோ, தன் பொறுப்புக்கோ தப்புவதற்காக, யாருக்கும் தெரியாமல் கிளம்பிப் போய் ஒளிந்துகொள்வது. அதுதான் அர்த்தம். ஜாமீனில் வந்து மறைந்துவிட்ட கைதி, சங்கத்துப் பணப்பெட்டியோடு காணாமல் போன பொருளாளர், இவர்களைப் பற்றித்தான் உதாரண வாக்கியங்கள் இருந்தன. சாதாரணப் பேச்சில் அதிகம் வராத சொல்லாம். கோர்ட், போலீஸ், அலுவலகக் கடிதம், இங்கெல்லாம்தான் புழக்கம். லத்தீனிலிருந்து வந்திருக்கிறது. முதல் துண்டுக்கு ‘விலக்கி’ என்று பொருள். அடுத்த துண்டுக்குச் சேர்த்து வைப்பது, உள்ளே பத்திரப்படுத்துவது என்று பொருள். இரண்டும் சேர்ந்தால், கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய் மறைப்பது. ஆங்கிலத்துக்கு வந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஒரு பொருளை மறைத்து வைப்பதற்கும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அந்தப் புழக்கம் போய், ஆள் தன்னையே மறைத்துக்கொள்வது என்ற பொருள் மட்டும் நிலைத்துவிட்டது.

துணிக் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போன அந்த முதலாளிக்குப் பொருத்தமான சொல். இன்னொருவரைப் பற்றி இதைச் சொல்ல வேண்டுமானால், அவர் யாரிடமும் சொல்லாமல் போனார் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அக்கா சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே அலுவலக ஆள் நான். அவர் மறைந்துகொள்ளவில்லை. நான்தான் ஒன்றை மறைத்தேன். அந்தப் பழைய புழக்கத்தில் பார்த்தால் அந்தச் சொல் எனக்குத்தான் சேர வேண்டும்.

இதெல்லாம் அன்று மத்தியானத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சீல் சாரின் அறைக்கும் என் அறைக்கும் இடையில் பத்தடிதான். நான் எழுந்து போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாவது தப்பு என்றால் வேலை போய்விடும் என்று பயம்.

அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். நாங்கள் தேய்த்து அனுப்பிய விரிப்பின் மேல்தான் படுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கூட வேன் ஓட்டும் நண்பர் ஃபோன் செய்திருக்கிறார்.

“என்னப்பா, உன் வீட்டுக்காரம்மா ஓடிட்டாங்களாமே? போட்டோ வந்திருக்கு.”

“யோவ், எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகவே ரெண்டு பேர் பிடிக்கணும். அவ எங்கய்யா ஓடுவா?”

அவர் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேர் கேட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பதினோராவது நாள் அக்கா வேலைக்கு வந்தார். மெல்ல, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். இன்னொரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்த பிளாஸ்டிக் உறை. கேட்டில் காவலாளி மறித்தார்.

“என்னம்மா, திரும்பி வந்துட்ட? தனியாத்தான் போனியா, இல்ல துணையோடயா?”

பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார். பிறகு என் ஜன்னலைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றபோது, தொடக்கத்தில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டிரைவர்கள் சிரித்த சத்தம் கேட்டு சீல் சார் வெளியே வந்தார்.

“சொல்லாம கொள்ளாம போயிட்டு இப்ப வந்து நின்னா எப்படிம்மா?”

“சொல்லிட்டுத்தான் சார் போனேன். ஆபீஸ்ல சொன்னேன்.”

“யார்கிட்ட?”

அக்கா என்னைப் பார்த்தார். நானாகச் சொல்வேன் என்று எனக்கு இடம் கொடுத்தார் என்று நினைக்கிறேன். சீல் சார் என் பக்கம் திரும்பினார்.

“உன்கிட்ட சொன்னாங்களா?”

“ஞாபகம் இல்ல சார்.”

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அது ஒரு முழுப் பொய்யாக இருந்திருக்கும். நான் அதற்கும் துணியாமல், எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாத ஒன்றைச் சொன்னேன். அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பி நடந்தார். அவ்வளவு ஆண்கள் நிற்கும் இடத்தில் அவர் அதைப் பிரித்துக் காட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தால்தானே என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வேறொரு சலவை நிலையத்திலிருந்து ஃபோன் வந்தது. பேசியது ஒரு பெண்.

“உங்ககிட்ட இருந்தவங்க இங்க ரோலர் வேலைக்கு வந்திருக்காங்க. கை நல்லா இருக்கு. ஆனா க்ரூப்புல இவங்க போட்டோ பார்த்த ஞாபகம்.”

“சார்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டேன். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார்.

“முடிவு பண்ணணும்மா. ஆஸ்பத்திரியில இருந்தேங்கறாங்க. ஆபீஸ்ல ஒரு பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் போனேங்கறாங்க. யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. ‘சின்னப் பொண்ணு, அதுக்கும் வேலை போயிடும்’ங்கறாங்க. இதை நம்புறதா, கதைன்னு விடுறதா? நீங்களே சொல்லுங்க.”

அந்த மேடம் “ஹலோ, ஹலோ” என்றார்.

“நான்தான் மேடம் அந்தப் பொண்ணு” என்றேன்.

“அதை எழுதிக் குடுப்பியா?” என்று அந்த மேடம் கேட்டார்.

நான் எழுதினேன். எழுதிய தாளைச் சீல் சாரிடம் கொண்டுபோனேன். அவர் முதல் தடவையாக ஒரு தாளை முழுதாகப் படித்ததைப் பார்த்தேன். கணினியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு லீவு என்று மாற்றினார். கேட்டிலிருந்த தாளைக் கிழிக்கச் சொன்னார். ஆனால் ரோலருக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டதால் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை. என்னையும் அன்றோடு நிற்கச் சொன்னார். “குழுவுல போட்டது சார்?” என்று கேட்டேன்.

“அது எத்தனை பேர் ஃபோனுக்குப் போயிருக்கோ. அதை நான் எங்கன்னு தேடிப் புடிக்கிறது?” என்றார்.

அந்த மேடத்துக்கு நானே தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயும் அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. கட்டிலில் சட்டைகள் குவிந்திருந்தன. அக்கா நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முந்திய வேலைக்கே திரும்பியிருந்தார், இப்போது வீட்டிலிருந்து. மகள் மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்கு ஏன் ஞாபகம் இல்லன்ன?”

“பயமா இருந்துச்சுக்கா.”

“ஆபரேஷன் டேபிள்ல ஏறிப் படுக்கறப்ப எனக்கும்தான் பயமா இருந்துச்சு.”

“சார் மாத்திட்டாருக்கா.”

“எங்க மாத்தினாரு?”

“கம்ப்யூட்டர்ல.”

“அந்தக் கம்ப்யூட்டரு எங்க தெருவுல இருக்கா? இவளோட ஸ்கூல்ல இருக்கா?” மகளைக் காட்டினார். “இவகிட்ட ஒரு புள்ள கேட்டிருக்கு, ‘உங்கம்மா திரும்பி வந்துட்டாங்களா’ன்னு. எங்க போனேன் நான் திரும்பி வர்றதுக்கு?”

அந்தப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பென்சில் மட்டும் நின்றது.

“என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

“நான் மன்னிச்சா உனக்கு நல்லா இருக்கும். எனக்கு என்ன ஆகப்போவுது? அந்தப் போட்டோ எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் போய் இதைச் சொல்லு. அப்புறமா வா, மன்னிக்கறதப் பத்திப் பேசலாம்.”

“எங்கெங்க போச்சுன்னு எப்படிக்கா தெரியும்?”

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அந்தப் போட்டோ மட்டும் எங்க போறோம்னு தெரிஞ்சுக்கிட்டா போச்சு? ஒருத்தர் அனுப்ப, அவர் இன்னொருத்தருக்கு அனுப்ப, அப்படித்தானே போச்சு. இதுவும் அப்படியே போகட்டும்.”

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார். “எழுது. ஆஸ்பத்திரின்னு எழுது, என்ன ஆபரேஷன்னு எழுதாத. அப்புறம், என்னைய ரொம்ப நல்லவளா எழுதி வெக்காத. அன்னிக்குக் கேட்டுலேருந்து இங்க வந்து உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டினேன். இவரைக் கேளு.”

“காதால கேக்க முடியல” என்றார் அவர்.

எனக்கு உட்கார இடம் காட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது அக்கா அடுத்த சட்டையை எடுத்துவிட்டார்.

அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். நீல ஏப்ரன், இடது கன்னத்தில் காதோரமாகத் தழும்பு, கீழே அந்த ஆங்கிலச் சொல். அந்தப் போட்டோ உங்கள் ஃபோனில் வந்திருக்கலாம். நீங்களும் யாருக்காவது அனுப்பியிருக்கலாம். அதில் இருப்பவர் ஓடவில்லை, ஒளியவில்லை. ஆபரேஷனுக்குப் போனார். போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டவள் நான். மறந்ததும் நான், மறைத்ததும் நான். அவருக்கு ரோலர் வேலை இன்னும் கிடைக்கவில்லை.

போட்டோவை யாருக்கு அனுப்பினீர்களோ, தயவுசெய்து அவர்களுக்கே இதையும் அனுப்புங்கள். போட்டோவையே பார்க்காதவராக இருந்தாலும் பரவாயில்லை, இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அது யார் யார் கைக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.